வலியைத் தூங்க வைத்த டாக்டர்

பல் பிடுங்கப் போனால் டாக்டர் முதலில் ஈறில் ஊசி போடுகிறார். ஈறு மரத்துப் போகிறது. பிறகுதான் பல்லைத் தொடுகிறார். வயிற்றில் ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

180 ஆண்டுகளுக்கு முன்னால் இப்படி இல்லை. மயக்க மருந்து என்று ஒன்றே கிடையாது. ஒருவருடைய காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றால், நான்கைந்து பேர் சேர்ந்து அவரை அமுக்கிப் பிடித்துக் கொள்வார்கள். சாராயமோ அபினியோ கொடுப்பதுண்டு. அதனால் வலி போய்விடாது. நோயாளி அலறுவார். துடிப்பார். டாக்டர் கத்தியை வேகமாக ஓட்டுவார். யார் சீக்கிரம் வெட்டி முடிக்கிறாரோ அவரே கெட்டிக்கார டாக்டர். நிதானமாகப் பார்த்து அறுக்க நேரம் ஏது? வலியின் அதிர்ச்சியிலேயே சிலர் இறந்து போனார்கள். கத்திக்குப் பயந்து நோயோடு வாழ்ந்தவர்கள் ஏராளம்.

அந்தக் காலத்தில் வங்காளத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நோயாளிகள் அலறவில்லை. கட்டிலில் தூங்கியபடி கிடந்தார்கள். தூக்கத்திலேயே டாக்டர் அறுத்தார். ஊசி இல்லை. மருந்து இல்லை. கையால் காற்றில் தடவியே அவர்களைத் தூங்க வைத்தார்கள்.

கேட்டால் மந்திரக் கதை போல இருக்கும். ஆனால் இது அரசாங்கமே குழு வைத்து விசாரித்த செய்தி.

ஹூக்ளி ஆஸ்பத்திரி

கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஹூக்ளி என்ற ஊர் இருக்கிறது. அதே பெயருள்ள ஆற்றின் கரையில் உள்ள பழைய ஊர். அங்கே ஹாஜி முகமது மொஹ்சின் என்ற செல்வர் வாழ்ந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தன் சொத்து முழுவதையும் 1806-ஆம் ஆண்டில் தருமத்துக்கு எழுதி வைத்தார். அந்தப் பணத்தில் பிறகு ஒரு கல்லூரி வந்தது. ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியும் வந்தது. அதன் பெயர் இமாம்பாரா ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டராக இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். 1808-இல் பிறந்தவர். அப்பா பாதிரியார். எடின்பரோ நகரில் மருத்துவம் படித்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் 1831-இல் இந்தியாவுக்கு வந்தார். உடம்பு அவருக்கு ஒத்துழைக்கவில்லை. மூச்சுத் தொல்லை இருந்தது. நடுவில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். ஹூக்ளியில் ஆஸ்பத்திரியோடு சிறைச்சாலைக் கைதிகளுக்கும் அவரே வைத்தியம் பார்த்தார்.

மெஸ்மரிசம் என்ற முறையைப் பற்றி அவர் படித்திருந்தார். வியன்னா நகரில் மெஸ்மர் என்ற டாக்டர் இருந்தார். 1734-இல் பிறந்து 1815-இல் இறந்தவர். எல்லா உயிர்களுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த சக்தி தண்ணீர் போல ஓடுகிறது என்று அவர் நம்பினார். அந்த ஓட்டம் தடைப்பட்டால் நோய் வரும் என்றார். தன் கையால் தடவி அந்த ஓட்டத்தைச் சரி செய்ய முடியும் என்றார். பாரிஸ் நகரில் பணக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அவரிடம் போனார்கள். அவர் பெயரால்தான் இதற்கு மெஸ்மரிசம் என்று பெயர் வந்தது. 1784-இல் பிரெஞ்சு அரசர் அறிஞர்கள் குழு ஒன்றை வைத்துச் சோதித்தார். காந்த சக்தி எதுவும் இல்லை, எல்லாம் நோயாளியின் கற்பனை என்று குழு சொல்லிவிட்டது.

ஆனாலும் மெஸ்மரிசம் அழிந்து போகவில்லை. சந்தையில் வேடிக்கை காட்டுகிறவர்களும் அதைச் செய்தார்கள். சில டாக்டர்களும் செய்து பார்த்தார்கள். எஸ்டெய்ல் அதுவரை ஒரு முறை கூட அதை நேரில் பார்த்ததில்லை.

1845 ஏப்ரல் 4

அன்று ஒரு சிறைக்கைதியை அவரிடம் கொண்டு வந்தார்கள். அவர் பெயர் மாதவ் கௌரா. அவருக்கு இரண்டு பக்கமும் விரைவீக்கம் இருந்தது. விரைப்பையில் நீர் கோத்து வீங்குவதுதான் விரைவீக்கம். ஒரு பக்கத்து நீரை எடுத்துவிட்டு, அந்தக் கால வழக்கப்படி எரிச்சலூட்டும் மருந்தை எஸ்டெய்ல் உள்ளே செலுத்தினார். மாதவ் வலி தாங்காமல் துடித்தார்.

எஸ்டெய்ல் இதுபோன்ற வேதனையை எத்தனையோ முறை பார்த்தவர். அன்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்தில் ஓர் உதவி டாக்டர் நின்றிருந்தார். அவர் வங்காளி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மெஸ்மரிசத்தைப் பார்த்திருக்கிறாரா என்று எஸ்டெய்ல் அவரிடம் கேட்டார். கல்லூரியில் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை என்று அவர் பதில் சொன்னார். தனக்கும் பலிக்காது என்றுதான் எஸ்டெய்லும் நினைத்தார். இருந்தாலும் தொடங்கினார்.

மாதவின் முகத்துக்கு எதிரே தன் கைகளை மேலிருந்து கீழாக மெல்ல இறக்கினார். உடம்பைத் தொடவில்லை. திரும்பத் திரும்ப இதையே செய்தார். வெகு நேரம் ஆயிற்று. கேட்ட கேள்விக்கு மாதவ் தாமதமாகப் பதில் சொன்னார். பிறகு பதிலே வரவில்லை. கையில் ஊசியால் குத்தினார்கள். அசையவில்லை. முழங்காலில் நெருப்பை வைத்தார்கள். அசையவில்லை. மூக்கில் அம்மோனியாவைக் காட்டினார்கள். அந்த நெடி பட்டால் செத்தவன் கூட எழுந்து உட்கார்ந்து விடுவான் என்பார்கள். மாதவ் உட்காரவில்லை.

எஸ்டெய்லுக்கே நம்ப முடியவில்லை. ஊரின் நீதிபதியையும் கலெக்டரையும் அழைத்துக் காட்டினார். அவர்களைச் சாட்சியாக எழுதித் தரவும் சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபக்கத்து வீக்கத்தை இதே தூக்கத்தில் குத்தி நீரை எடுத்தார். இந்த முறை மாதவ் துடிக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவ் ஒரு கைதி. உன் மேல் இதைச் செய்து பார்க்கட்டுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்த நோயாளிகள் பலருக்கும் என்ன செய்கிறார்கள் என்று சொல்லப்படவில்லை. சொன்னால் கற்பனையால் தூங்கினார்கள் என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள் என்பது எஸ்டெய்லின் எண்ணம். இன்று எந்த டாக்டரும் அப்படிச் செய்ய அனுமதி இல்லை. நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதம் பெற்ற பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும்.

தூங்க வைத்தவர்கள் யார்?

மெஸ்மரிசம் லேசான வேலை அல்ல. மணிக்கணக்கில் குனிந்து கைகளை அசைத்துக் கொண்டே இருக்க வேண்டும். எஸ்டெய்லின் பலவீனமான உடம்புக்கு அது ஒத்துவரவில்லை. சில நாட்களிலேயே களைத்துப் போனார். அதனால் ஆஸ்பத்திரியில் வேலை செய்த கம்பவுண்டர்களுக்கும் காயத்துக்குக் கட்டுப் போடும் ஆட்களுக்கும் இதைக் கற்றுக் கொடுத்தார். அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்.

அவர்கள் செய்த முறை இதுதான். அறையை இருட்டாக்குவார்கள். நோயாளி இடுப்புக்கு மேல் துணியில்லாமல் கட்டிலில் மல்லாந்து படுப்பார். மெஸ்மரிசம் செய்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து, நோயாளியின் முகத்துக்கு மேல் குனிவார். விரல்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, கைகளை முகத்திலிருந்து வயிறு வரை மெல்லக் கொண்டு போவார். அவ்வப்போது தலையிலும் முகத்திலும் மெல்ல மூச்சு விடுவார். யாரும் பேசக் கூடாது. தினமும் இரண்டு மணி நேரம் இப்படியே நடக்கும். சிலர் முதல் நாளே ஆழ்ந்து தூங்கினார்கள். சிலருக்குப் பத்து நாள் கூட ஆயிற்று. சிலர் கடைசி வரை தூங்கவே இல்லை.

நோயாளி தயார் என்று தெரிந்த பிறகுதான் எஸ்டெய்ல் கத்தியோடு உள்ளே வருவார். புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர்தான் இருக்கிறது. இருட்டறையில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்த கம்பவுண்டர்களின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

வங்காள மக்கள் பலவீனமானவர்கள், அதனால்தான் சீக்கிரம் மயங்குகிறார்கள் என்று எஸ்டெய்ல் நினைத்தார். அந்தக் கால வெள்ளைக்காரர்கள் பலருக்கும் இப்படி ஓர் எண்ணம் இருந்தது. அது தவறு. எந்த நாட்டிலும் சிலர் சுலபமாக மயங்குவார்கள், சிலர் மயங்க மாட்டார்கள். ஒரு நோயாளிக்காகப் பத்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் உழைக்க ஐரோப்பாவில் எந்த ஆஸ்பத்திரி ஆள் வைத்திருந்தது?

கட்டியை மேசையாக வைத்திருந்த கடைக்காரர்

எட்டு மாதத்தில் எஸ்டெய்ல் 73 ஆபரேஷன்களை வலி தெரியாமல் செய்தார். அந்தக் கணக்கை 1846-இல் புத்தகமாக வெளியிட்டார். கை எடுத்தது, மார்புக் கட்டி அகற்றியது, கண்புரை, பல் பிடுங்கியது எல்லாம் அதில் இருக்கின்றன. ஒருவருக்கு மேல் தாடைக்குள் கட்டி வளர்ந்திருந்தது. முகத்தைப் பிளந்துதான் அதை எடுக்க முடியும். அவரும் தூக்கத்தில் கிடந்தார்.

அவரிடம் மிக அதிகமாக வந்தவர்கள் விரைப்பையில் பெரிய கட்டி வளர்ந்தவர்கள். வங்காளத்தில் அப்போது இந்த நோய் மிகவும் பரவியிருந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழுதான் இதற்கும் காரணம். அந்தப் புழுவைப் பரப்புவது கொசு. ஆனால் அது எஸ்டெய்லின் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1877-இல்தான் மான்சன் என்ற டாக்டர் சீனாவில் ஆராய்ந்து கொசுவைக் கண்டுபிடித்தார். இன்று யானைக்கால் நோய் உள்ள மாவட்டங்களில் அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்கிறது. வீட்டுக்கு வந்து கொடுக்கும்போது அதை வாங்கி விழுங்கிவிட்டால் போதும்.

எஸ்டெய்லிடம் வந்தவர்களில் ஒருவர் கடைக்காரர். வயது 40. அவருடைய கட்டி மிகப் பெரியது. உட்கார்ந்தால் மடிக்கு முன்னால் மேசை போல நிற்கும். பல வருடமாக அதன் மேல்தான் கணக்குப் புத்தகத்தை வைத்து எழுதினார். எழுதி எழுதிக் கட்டியின் வடிவமே மாறிவிட்டது. நடக்க முடியாது. ஊர் மத்தியில் தலை காட்ட முடியாது. ஆனாலும் கடையை விடாமல் நடத்தியிருக்கிறார்.

அவரையும் பல நாள் முயன்று தூங்க வைத்தார்கள். எஸ்டெய்ல் அறுத்தார். இரத்தம் கொட்டியது. நல்ல வேளையாகச் சீக்கிரம் நின்றது. கடைசி இரத்தக் குழாயைக் கட்டி முடித்த போதுதான் கடைக்காரர் கண் விழித்தார். எடுத்த கட்டியை நிறுத்துப் பார்த்தார்கள். 80 பவுண்டு. அதாவது 36 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையில் முக்கால் பங்கு.

இப்படிப்பட்ட கட்டிகளை அறுத்தால் பாதிப் பேர் வரை இறந்து போன காலம் அது. மெஸ்மரிசத்தில் 161 கட்டிகளை எடுத்ததாகவும், நூற்றுக்கு ஐந்து பேரே இறந்ததாகவும் எஸ்டெய்ல் எழுதினார். இது அவரே கொடுத்த கணக்கு. வேறு யாரும் சரிபார்த்தது அல்ல. ஆனால் காரணம் புரிகிறது. நோயாளி துடிக்காமல் கிடந்தால் டாக்டருக்கு நேரம் கிடைக்கும். இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டலாம்.

சீமை மந்திரம்

ஹூக்ளி மக்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'பிலாத்தி மந்தர்' என்றார்கள். சீமை மந்திரம் என்று அர்த்தம். அவர்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஊருக்கு ஒரு மந்திரவாதி இருந்த காலம். எஸ்டெய்லும் ஒரு மந்திரவாதியை வரவழைத்துப் பார்த்தார். அவர் ஒரு செம்பில் தண்ணீரும் இலைக் கொத்தும் கேட்டு வாங்கினார். எதையோ முணுமுணுத்தபடி இலையைத் தண்ணீரில் நனைத்து, நோயாளியின் உடம்பில் மேலிருந்து கீழாகத் தடவினார். இடையிடையே ஊதினார். நம் ஊரில் வேப்பிலை அடித்து மந்திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தானும் அவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம் என்று எஸ்டெய்ல் நினைத்தார்.

அந்த ஊரில் மந்திரத்தைப் பற்றிப் பயமும் இருந்தது. 1845-இல் ஹூக்ளி கடைவீதியில் ஒரு நாவிதரையும் ஒரு சிறுவனையும் சுற்றிக் கூட்டம் கூடியது. நாவிதர் மந்திரம் முணுமுணுத்துத் தன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார், தனக்கு அறிவு தப்பியது, அவர் பின்னாலேயே நடந்து வந்துவிட்டேன் என்று சிறுவன் சொன்னான். நாவிதர் இல்லை என்றார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. இப்படி நடக்க முடியுமா என்று நீதிபதி எஸ்டெய்லைக் கேட்டார். செய்து காட்டவும் சொன்னார். எஸ்டெய்ல் நீதிமன்றத்திலேயே மூன்று பேரை மயங்க வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் இதில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்த மூன்று பேரும் ஏற்கனவே எஸ்டெய்லிடம் மயங்கிப் பழகியவர்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் வயல்வெளியில் கையை ஆட்டியவுடன் ஒரு சிறுவன் மயங்கி நடந்தான் என்பதற்கு அது சாட்சி ஆகுமா? பழகியவர்களையே தூங்க வைக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது எஸ்டெய்லுக்கு நன்றாகத் தெரியும். நல்ல டாக்டர்தான். அன்று நீதிமன்றத்தில் அவர் கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

விருப்பம் இல்லாத ஒருவரை ஒரு பார்வையில், ஒரு கையசைவில் மயக்கித் தன் பின்னால் வரச் செய்ய முடியும் என்பதற்கு இன்று வரை ஆதாரம் இல்லை. பஸ் நிலையத்தில் யாரோ மை தடவி நகையைக் கழற்றிப் போனார்கள் என்று கதை கேட்கிறோம். அவற்றில் பல, பேசி ஏமாற்றியவை. சில, மயக்க மருந்து கலந்து கொடுத்தவை. வசியம் அல்ல. தெரியாதவர் தரும் தின்பண்டத்தையும் பானத்தையும் வாங்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

அரசாங்கம் பார்க்க வந்தது

எஸ்டெய்ல் நூறு ஆபரேஷன் கணக்கை அரசாங்கத்துக்கு அனுப்பினார். கல்கத்தாவில் பல டாக்டர்கள் சிரித்தார்கள். நோயாளிகள் டாக்டரைத் திருப்திப்படுத்த நடிக்கிறார்கள் என்றார்கள். கையை வெட்டும்போது யாரால் நடிக்க முடியும் என்று எஸ்டெய்ல் திருப்பிக் கேட்டார்.

1846 செப்டம்பரில் வங்காள அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. கல்கத்தாவில் குழுவின் கண் முன்னால் 10 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் மூன்று பேரைப் பல நாள் முயன்றும் தூங்க வைக்க முடியவில்லை. மீதி ஏழு பேருக்கு ஆபரேஷன் நடந்தது. சிலர் கட்டை போலக் கிடந்தார்கள். சிலருடைய கை வெட்டி இழுத்தது. முகம் வேதனையில் கோணியது. எழுந்த பிறகு கேட்டால், வலித்த ஞாபகமே இல்லை என்றார்கள். குழு இதை எல்லாம் மறைக்காமல் எழுதியது. எல்லாருக்கும் பலிக்காது, நாட்கணக்கில் நேரம் ஆகிறது, ஆனால் பலருக்கு வலி தெரியாமல் போவது உண்மை என்று அக்டோபரில் அறிக்கை கொடுத்தது.

அதன் பேரில் கல்கத்தாவில் ஒரு சிறிய மெஸ்மரிச ஆஸ்பத்திரி ஓர் ஆண்டுக்கு எஸ்டெய்லிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டு முடிந்ததும் மூடினார்கள். நகர மக்கள் பலர் அதை நடத்தும்படி மனுக் கொடுத்தார்கள். சந்தா திரட்டினார்கள். 1848-இல் மக்கள் பணத்தில் அது மறுபடி திறந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியும் எஸ்டெய்லுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்.

ஆனால் அதற்குள் உலகம் மாறிவிட்டது. கல்கத்தாக் குழு அறிக்கை எழுதிய அதே 1846 அக்டோபர் மாதம், 16-ஆம் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகரக் கொடுத்தார். சில நிமிடத்தில் அவர் மயங்கினார். டாக்டர் அவர் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார். அடுத்த ஆண்டே ஈதர் கல்கத்தாவுக்கு வந்தது. அதே 1847-இல் எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர் குளோரோபார்மைப் பயன்படுத்தினார்.

ஈதர் எல்லாரையும் மயக்கியது. பத்து நாள் காத்திருக்க வேண்டாம். ஒரு புட்டி போதும். இனி இருட்டறை எதற்கு, கம்பவுண்டர்கள் எதற்கு என்று டாக்டர்கள் நினைத்தார்கள். ஈதராலும் குளோரோபார்மாலும் சிலர் உயிர் போவதை எஸ்டெய்ல் எடுத்துக் காட்டினார். மெஸ்மரிசத்தால் யாரும் சாகவில்லையே என்றார். அது நியாயமான பேச்சுதான். ஆனால் கேட்பார் இல்லை.

1851-இல் அவர் ஊர் திரும்பினார். அங்கே உள்ள மருத்துவப் பத்திரிகைகள் அவர் எழுதியதை வெளியிடத் தயங்கின. 1859-இல் லண்டனுக்கு அருகே 50 வயதில் இறந்தார்.

சக்தி யாரிடம் இருந்தது?

எஸ்டெய்ல் பார்த்தது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம் உண்மை அல்ல. தன் கையிலிருந்து ஒரு சக்தி நோயாளிக்குள் பாய்கிறது என்று அவர் கடைசி வரை நம்பினார். தண்ணீரில் கூட அந்தச் சக்தியை ஏற்றிக் கொடுத்தார்.

சரியான காரணத்தை அவருக்கு முன்பே ஒருவர் தொட்டுவிட்டார். அவர் இந்தியர். கோவாவில் காண்டோலிம் என்ற ஊரில் 1756-இல் பிறந்த ஃபாரியா பாதிரியார். பாரிஸ் நகரில் போய் வாழ்ந்தார். கையைத் தடவாமல், நாற்காலியில் உட்கார வைத்து, தூங்குங்கள் என்று உறுதியாகச் சொல்லியே பலரைத் தூங்க வைத்தார். சக்தி தன்னிடம் இல்லை, தூங்குகிறவர் மனத்தில்தான் இருக்கிறது என்றார். 1819-இல் வறுமையில் இறந்தார். கோவாவில் பணஜி நகரில் ஆற்றங்கரைச் சாலையில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பிறகு 1841-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிரெய்டு என்ற டாக்டர் ஒரு மெஸ்மரிச வேடிக்கையைப் பார்க்கப் போனார். மோசடியைப் பிடிக்கத்தான் போனார். மயங்கியது உண்மை என்று கண்டு திகைத்தார். பளபளப்பான ஒரு பொருளைக் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, உற்றுப் பார்க்கச் சொன்னார். அதற்கே ஆட்கள் மயங்கினார்கள். கையும் வேண்டாம், காந்தமும் வேண்டாம் என்று கண்டார். 1843-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார். ஹிப்னாஸ் என்றால் கிரேக்க மொழியில் தூக்கம். இது தூக்கமே அல்ல என்று பிற்பாடு அவரே உணர்ந்தார். பெயரை மாற்றப் பார்த்தார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழில் இதை அறிதுயில் என்கிறார்கள். பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளின் தூக்கத்துக்கும் அதுதான் பெயர். பார்க்கத் தூக்கம் போல இருக்கும். அறிவு விழித்திருக்கும். இந்தப் பெயர் ஹிப்னாடிசத்தை விடப் பொருத்தம்.

மனம் ஒன்றில் முழுமையாகப் பதிந்தால் மற்றது தெரியாது. அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் கதை கேட்டு உட்கார்ந்திருப்பது எல்லார் வீட்டிலும் நடக்கும். வேலை மும்முரத்தில் காலில் கல் குத்தியது தெரியாது. வீட்டுக்கு வந்து இரத்தத்தைப் பார்த்த பிறகே வலிக்கும். அறிதுயிலில் இது இன்னும் ஆழமாக நடக்கிறது. மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு இதைக் கண்ணால் பார்க்க முடிந்திருக்கிறது. வலி குறையும் என்று அறிதுயிலில் சொன்னால், வலியின் வேதனையை உணரும் மூளைப் பகுதியின் வேலை குறைகிறது. எனவே அந்த நோயாளிகள் நடிக்கவில்லை.

1955-இல் பிரிட்டன் மருத்துவர் சங்கமும், 1958-இல் அமெரிக்க மருத்துவர் சங்கமும் இதை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டன. பிரசவ வலி, தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வரும் வலி, பல் வைத்தியப் பயம், நாள்பட்ட வயிற்றுக் கோளாறு ஆகியவற்றில் இது உதவுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒருவர் மிகச் சுலபமாக ஆழ்ந்து போவார். பத்தில் ஒருவருக்குச் சிறிதும் பலிக்காது. மற்றவர்கள் இடையில் இருப்பார்கள். புழுவை இது கொல்லாது. சர்க்கரை நோயையும் காசநோயையும் குணமாக்காது. மாத்திரையை நிறுத்து, ஹிப்னாடிசத்தால் குணமாக்குகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அவர் டாக்டர் அல்ல.

பெல்ஜியம் நாட்டில் லியேழ் நகரப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 1992 முதல் ஆயிரக்கணக்கான ஆபரேஷன்களை அறிதுயிலோடு சேர்த்துச் செய்திருக்கிறார்கள். அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்ய ஊசி போடுகிறார்கள். கொஞ்சம் மருந்தும் கொடுக்கிறார்கள். முழு மயக்கம் கொடுப்பதில்லை. டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மெல்லப் பேசிக் கொண்டே இருப்பார். நோயாளி தனக்குப் பிடித்த ஓர் இடத்தை, ஒரு பயணத்தை நினைத்துக் கொண்டு படுத்திருப்பார். கழுத்தில் தைராய்டு சுரப்பியை அறுக்கும்போது குரல் நரம்பு பக்கத்திலேயே இருக்கும். அது நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அப்போது டாக்டர் நோயாளியைப் பேசச் சொல்கிறார். கழுத்து திறந்திருக்கும்போதே நோயாளி பதில் சொல்கிறார்.